கையெழுத்துக்குப் பின் விலை மாறினால்: விவாகரத்துச் சொத்துப் பிரிவினையில் எந்த ஏற்பாடு தாங்கும்?

பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்துப் பெறும் தம்பதியர் சொத்துக் கணக்கைப் பேசி முடிக்கும்போது, பேச்சு முழுவதும் அன்றைய விலையிலேயே நடக்கிறது. பிளாட் இவ்வளவு போகும், பங்குகள் இவ்வளவு வரும், கடன் இவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கழித்து, ஆளுக்கு இவ்வளவு என்று முடிவாகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த பிளாட்டின் விலை ஒன்றரை மடங்காகிறது, அல்லது பங்குகள் பாதியாகச் சரிகின்றன. அப்போது ஒருவர் நிச்சயம் கேட்பார்: “அன்றைக்குப் போட்ட கணக்கே இன்று தவறாகிவிட்டதே, ஒப்பந்தத்தை மறுபடி பிரிக்க முடியாதா?”

பெரும்பாலும் முடியாது. விலை மாறியது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் திறக்க இந்தியச் சட்டமும் இங்கிலாந்துச் சட்டமும் நியூயார்க் நீதிமன்றங்களும் ஏறத்தாழ ஒரே குரலில் மறுத்திருக்கின்றன. ஆகவே கையெழுத்துக்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது, யாருக்கு எவ்வளவு என்பதைக் காட்டிலும், விலை ஏறி இறங்கும் அபாயத்தை யார் சுமப்பது என்பதே. கைவசம் உள்ள ஏற்பாடுகளை அந்த அளவுகோலில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் சட்டத்தின் நிலை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, இரு தரப்பினரும் ஓர் அடிப்படை உண்மையைத் தவறாக நம்பி ஒப்பந்தம் செய்திருந்தால் அது செல்லாது என்கிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கக் குறிப்பு, பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான கருத்தை உண்மையைப் பற்றிய தவறாகக் கொள்ள முடியாது என்று கதவை அடைத்துவிடுகிறது. ஒப்பந்தம் நீதிமன்றத்தில் பதிவாகித் தீர்ப்பாணையின் பகுதியாகிவிட்டால் பிடி இன்னும் இறுகும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 19(2)ஆம் பிரிவின்படி, இரு தரப்பின் சம்மதத்தின் பேரில் பிறப்பிக்கப்பட்ட ஆணையை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. சமரசமே சட்டப்படியானதல்ல என்று சொல்லித் தனி வழக்குப் போடுவதையும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் தடுக்கிறது; மோசடி நடந்தது என்றால்கூட, சமரசத்தைப் பதிவு செய்த அதே நீதிமன்றத்திடம்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். போர்ச்சுகீசிய உரிமையியல் சட்டம் இன்றும் நடப்பிலுள்ள கோவாவை விட்டுவிட்டால், இந்தியாவில் திருமணமான காரணத்தாலேயே கணவன் மனைவியின் சொத்து பொதுச் சொத்தாகிவிடுவதில்லை. பத்திரத்தில் யார் பெயரோ அவருடையதுதான். எனவே இங்கே நடக்கும் சொத்துப் பிரிவினையில் பெரும்பகுதி பேசி வந்த ஒப்பந்தம். நீதிமன்றம் தானாகப் பாதி பாதியாக்கிச் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பதற்கு அடித்தளமே இல்லை. 2024 டிசம்பரில், மனைவிக்கு 12 கோடி ரூபாய் நிரந்தர ஜீவனாம்சம் வழங்கிய ஒரு வழக்கில், பிரிந்த பிறகு கணவர் அடையும் வளர்ச்சிக்கு ஈடாகத் தன் செல்வநிலையையும் உயர்த்திக்கொண்டே போக மனைவி கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியதையும் இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விலை மாற்றத்தைப் பற்றி மிக விரிவாக யோசித்தவை இங்கிலாந்து நீதிமன்றங்கள். 1994ஆம் ஆண்டின் கார்னிக் வழக்கில், ஆணை பிறந்த பிறகு கணவரின் பங்குகள் பலமடங்கு ஏறிவிட்டன. மொத்தச் சொத்தில் பாதியளவுக்குக் கிடைத்ததாக எண்ணியிருந்த மனைவியின் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. நீதிபதி ஹேல் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினார். அன்று சரியாக மதிப்பிட்ட பொருள், சந்தைப் போக்கில் பின்னர் ஏறினாலோ இறங்கினாலோ ஆணை மாறாது. அன்றைய மதிப்பீடே தவறு, அதற்கு மனுதாரர் பொறுப்பல்ல என்றால் மாற்ற இடமுண்டு. யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத ஒரு நிகழ்வு மதிப்பைத் தலைகீழாக்கியிருந்தால் பரிசீலிக்கலாம், ஆனால் அப்படிப்பட்ட வழக்குகள் மிக அரிது. பங்கு விலை ஏறியது முதல் வகைக்குள் அடங்கிவிட்டதால் மனைவியின் கோரிக்கை நிற்கவில்லை.

அடுத்து வந்த மையர்சன் வழக்கில் நிலைமை நேர்மாறு. 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 2.58 கோடி பவுண்ட் மதிப்புள்ள சொத்தில் 43 சதவீதம் மனைவிக்கு என்று ஒப்பந்தம் ஆயிற்று. மனைவிக்கு 95 லட்சம் பவுண்ட் ரொக்கமும் தென்னாப்பிரிக்காவில் ஒரு வீடும். கணவருக்கு அவர் நடத்திவந்த நிதி நிறுவனத்தின் பங்குகள். ரொக்கத்தில் 70 லட்சம் உடனடியாகவும் மீதி நான்கு தவணைகளாகவும் தருவதாக ஏற்பாடு. அந்த ஆண்டே உலக நிதிச் சந்தை சரிந்தது. 2.99 பவுண்டாக இருந்த பங்கின் விலை 27.5 பென்ஸுக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினால், இருக்கும் சொத்தில் நூற்றுக்கு 105 பங்கு மனைவிக்குப் போய், தமக்குக் கடன்தான் மிஞ்சும் என்று கணவர் கணக்குக் காட்டினார். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அசையவில்லை. வீடோ பங்கோ எதுவானாலும், எவ்வளவு கடுமையானதானாலும், இயல்பான விலை ஏற்ற இறக்கம் ஆணையைத் திறப்பதற்குக் காரணமாகாது என்றது. ஏறும் லாபத்தை எண்ணிப் பங்குகளைத் தாமே விரும்பி வைத்துக்கொண்டவர் இறக்கத்தையும் ஏற்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் உட்கருத்து. செலுத்தாமல் நின்ற தவணைகளைப் பொறுத்தவரை மட்டும், 1973ஆம் ஆண்டின் திருமண வழக்குகள் சட்டத்தின் 31ஆம் பிரிவின் கீழ் மாற்றம் கேட்கும் வழி அவருக்கு இருப்பதை நீதிமன்றம் சுட்டியது. தவணை முறைக்கு வரும்போது இது நமக்கு உதவும்.

நியூயார்க்கின் சிம்கின்–பிளாங்க் வழக்கு இதைவிட விசித்திரமானது. கணவர் வைத்துக்கொண்ட முதலீட்டுக் கணக்கு பெர்னார்ட் மேடாஃப் நடத்திய நிறுவனத்தில் இருந்தது. 2004 செப்டம்பர் நிலவரப்படி அதில் 54 லட்சம் டாலர் இருப்பதாகக் கணக்கிட்டு, 2006இல் ஒப்பந்தம் முடிந்து மனைவிக்குப் பணமும் போய்விட்டது. 2008 டிசம்பரில் மேடாஃபின் மோசடி வெளிப்பட்டது. இல்லாத கணக்கை இருப்பதாக இருவருமே நம்பினோம், எனவே ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்று கணவர் வாதிட்டார். 2012 ஏப்ரலில் மாநிலத்தின் உச்சமட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: ஒப்பந்த நாளில் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடிந்தது, கணவர் ஒரு பகுதியை எடுக்கவும் செய்தார், மீதியை விட்டுவைத்தது அவர் முடிவு. மோசடிக்காரரிடம் சிக்கிய சொத்துக்கே நிலைமை இதுவென்றால், வேளச்சேரியில் மனை விலை ஏறியதைச் சொல்லி வழக்காட வருபவருக்கு என்ன கிடைக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தைத் திறக்கும் சாவிகள் வேறு. 1987இல், அன்று பிரிட்டனின் உச்சமட்ட நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த பார்டர் வழக்கில், வீட்டில் தம் பாதியை மனைவிக்கும் குழந்தைகளுக்குமாக விட்டுத்தரக் கணவர் ஒப்புக்கொண்ட ஐந்தே வாரத்தில், அந்த மனைவி குழந்தைகளைக் கொன்று தானும் இறந்தார். எதற்காக வீடு கொடுக்கப்பட்டதோ அந்த அடிப்படையே அழிந்துபோனதால் ஆணை மாற்றப்பட்டது. அதற்கும், நிகழ்வு சில மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும், உடனே மனுப் போட்டிருக்க வேண்டும், இடையில் விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் நபர் பாதிக்கப்படக் கூடாது என்று கட்டுப்பாடுகள் உண்டு. இரண்டாவது சாவி மறைப்பு. 2015இல் தீர்ப்பான ஷார்லண்ட் வழக்கில், தம் நிறுவனத்தின் பங்குகளைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவரும் திட்டம் எதுவும் இல்லை என்று கணவர் சாட்சியம் சொன்னார், திட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்த மோசடியே ஒப்பந்தத்தை உடைக்கப் போதும் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இங்கே சொல்ல வேண்டியது ஒன்று: விலை ஏறியதும் விலையை மறைத்ததும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும், சட்டத்தில் இரண்டும் இரு துருவங்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ்–நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. பரஸ்பர சம்மத மனுவில் “எல்லாம் பேசி முடித்துவிட்டோமே, இது எதற்கு” என்று பலர் இதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். தவிர்க்கக் கூடாது என்பேன். பிற்காலத்தில் மறைப்பு நடந்தது என்று நிரூபிக்க, அன்று கையெழுத்திட்ட அந்தப் பட்டியலைப்போல உதவுவது வேறில்லை; எதையும் மறைக்காதவருக்கும் அதுவே கவசம்.

இனி ஏற்பாடுகளுக்கு வருவோம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வேளச்சேரியில் இருவர் பெயரிலும் ஒரு பிளாட், சந்தை விலை 1 கோடியே 20 லட்சம், வங்கிக் கடன் பாக்கி 30 லட்சம். ஆக நிகரம் 90 லட்சம். பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டும் 50 லட்சம். மொத்தம் 140 லட்சம். சமமாகப் பிரிப்பது என்று பேச்சு. மனைவியின் நகைகள் 60 பவுன் மாமியார் வீட்டு லாக்கரில் இருக்கின்றன.

வழக்கமாக நடப்பது, வீட்டை ஒருவரும் மற்றவற்றை இன்னொருவரும் எடுத்துக்கொண்டு வித்தியாசத்தைப் பணமாகத் தீர்ப்பது. மனைவி கடனோடு பிளாட்டை எடுக்கிறார், கணவர் பங்குகளை எடுக்கிறார், மனைவி 20 லட்சம் தருகிறார், ஆளுக்கு 70. இதன் கவர்ச்சி, ஒரே நாளில் இருவரும் தனித்தனியாகிவிடுவதுதான், அது சிறிய கவர்ச்சியல்ல. ஆனால் இரண்டாண்டில் பிளாட் விலை 20 சதவீதம் ஏறி, பங்குகள் 30 சதவீதம் இறங்கினால், மனைவியிடம் 94 லட்சமும் கணவரிடம் 55 லட்சமும் இருக்கும். பிளாட்டே 20 சதவீதம் இறங்கினால் மனைவியின் 70 லட்சம் 46 ஆகிவிடும். கவனிக்க வேண்டியது கடன். வீட்டின் விலையில் 20 சதவீத மாற்றம், கடனைக் கழித்த நிகர மதிப்பில் 27 சதவீத மாற்றமாகத் தெரிகிறது. கடனோடு வீட்டை எடுப்பவர் பிறர் நினைப்பதைவிடப் பெரிய அபாயத்தை எடுக்கிறார். ஆகவே ஏறி இறங்கும் சொத்தை எடுப்பவருக்கு, கணக்கில் ஒரு தள்ளுபடி கேட்கும் நியாயம் உண்டு; பேச்சுவார்த்தையில் இதை யாரும் எழுப்புவதே இல்லை.

இந்த வழியில் இன்னொரு சிக்கல், வங்கி. கணவன் மனைவிக்கிடையிலான ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டவர், “தவணையை இனி அவர் கட்டுவார்” என்ற வாசகத்தால் விடுபடுவதில்லை. வங்கி எழுத்துமூலம் அவர் பெயரை நீக்கும்வரை, தவணை தவறினால் நோட்டீஸ் அவருக்கும் வரும், சிபில் மதிப்பெண் அவருக்கும் இறங்கும். ஒருவர் வருமானத்தின் பேரில் மட்டும் கடனைத் தொடர வங்கி சம்மதிக்குமா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே இந்த ஏற்பாட்டில் இறங்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு சொத்தையும் அதே விகிதத்தில் வெட்டுவது. உறுதியான சொத்து முழுதும் ஒருவருக்கும் ஆட்டம் காணும் சொத்து முழுதும் மற்றவருக்கும் போகக் கூடாது, இரண்டிலும் இருவருக்கும் பங்கு இருக்க வேண்டும் என்ற கருத்தை இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002ஆம் ஆண்டின் வெல்ஸ் வழக்கில் வலியுறுத்தியது. பங்குகளுக்கு இது மிகப் பொருத்தம். ஒப்பந்தத்தில் “25 லட்ச ரூபாய் மதிப்புள்ள பங்குகள்” என்று எழுதாமல், எந்த நிறுவனம், எத்தனை பங்கு, எந்த டீமேட் கணக்குக்கு என்று எண்ணிக்கையாக எழுத வேண்டும். எண்ணிக்கையாக எழுதினால் விலை எங்கு போனாலும் இருவரும் சேர்ந்தே போகிறார்கள், சண்டைக்கு இடமில்லை.

நகைக்கும் இதே விதிதான், இன்னும் அழுத்தமாக. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 47 ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த ஒரு பவுன் விலை, 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. “நகைக்கு ஈடாக 28 லட்சம்” என்று 2024இல் எழுதிப் பணத்தைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டவர், 2025 முடிவில் அந்தப் பணத்தைக் கொண்டு 60 பவுனில் பாதியைத்தான் வாங்கியிருக்க முடியும். நகை நகையாகவே திரும்ப வேண்டும். எடை, உருப்படி, ஒப்படைக்கும் நாள் ஆகியவை இணைப்புப் பட்டியலில் இருக்க வேண்டும். பணமாகத்தான் வரும் என்றால், பணம் கொடுக்கும் நாளின் விலையில் இத்தனை பவுனுக்கான தொகை என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் பிளாட்டை இப்படி வெட்ட முடியாது. அதற்கு மூன்றாவது வழியாக, இருவர் பெயரிலேயே வைத்திருந்து பின்னொரு நாள் விற்று, வரும் தொகையைச் சதவீதப்படி பிரிப்பது. கடைசிக் குழந்தை வளர்ந்து ஆளாகும்வரை விற்பனையைத் தள்ளிவைக்கும் ஆணைகளை இங்கிலாந்தில் மெஷர் ஆணை என்பார்கள். விலை அபாயம் இருவருக்கும் சமமாகப் பகிரப்படுவதால் காகிதத்தில் இதுவே மிக நியாயமானது. நடைமுறையில் இதன் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. யார் தவணை கட்டுவது, சொத்து வரி யாருடையது, ஒழுகும் கூரையை யார் சரிசெய்வது, விற்கும் நாளில் ஒருவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வராமல் இழுத்தடித்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றும் பழைய மனக்கசப்பைக் கிளறும். பிள்ளைகளின் பள்ளிக்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள், விற்க வேண்டிய கடைசித் தேதி, விலையை மதிப்பிடுபவரை நியமிக்கும் முறை, வீட்டில் வசிப்பவருக்கு முதலில் வாங்கும் உரிமை ஆகிய மூன்றையும் எழுதாமல் கையெழுத்திடக் கூடாது.

இப்போதே விற்றுப் பணத்தைப் பிரிப்பது அடுத்த வழி. மதிப்பீட்டுத் தகராறே எழாது; சந்தை சொன்னதுதான் விலை. வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியை வைத்து ஒருவரையொருவர் ஏமாற்றும் வாய்ப்பும் இல்லை. அவசரத்தில் விற்பதால் விலை குறையலாம் என்பதும், இருவருக்குமே மறுபடி ஒரு வீடு தேட வேண்டியிருக்கும் என்பதும்தான் குறை. வங்கி ஒருவர் பெயரில் கடனைத் தொடர மறுத்தால், இதுவே மிச்சமுள்ள நல்ல வழி.

பணத்தைத் தவணைகளாக வாங்குவது பலருக்குத் தவிர்க்க முடியாததாகிறது. மையர்சன் வழக்கு காட்டியபடி, செலுத்தாத தவணையே பிற்காலத்தில் மாற்றம் கேட்கக் கிடைக்கும் பிடி. அதாவது கொடுப்பவருக்குச் சாதகம், வாங்குபவருக்கு அபாயம். வாங்குபவர் தவணைக் காலத்தைக் குறுக்கி, தாமதத்துக்கு வட்டியும், முழுத்தொகை தீரும்வரை ஒரு சொத்தின் மீது பொறுப்பும் (பணம் வராவிட்டால் அந்தச் சொத்திலிருந்து வசூலிக்கும் உரிமையும்) கேட்பது நல்லது. பின்தேதியிட்ட காசோலைகளை மட்டும் நம்புவது போதாது.

மாதாமாதம் வாங்கும் ஜீவனாம்சம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. இந்து திருமணச் சட்டத்தின் 25(2)ஆம் பிரிவின்படி, சூழ்நிலை மாறினால் நீதிமன்றம் அந்தத் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். வாங்குபவர் மறுமணம் செய்துகொண்டால், அதையே காரணமாக்கித் தொகையை மாற்றவோ நீக்கவோ இடம் தரும் 25(3)ஆம் பிரிவு வேறு குறுக்கே வரும். நிலையாக வாங்கிவிட்ட சொத்தைத் திறக்க மறுக்கும் சட்டம், மாதப் பணத்தை மட்டும் திறந்தே வைத்திருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு மனைவியின் மாத ஜீவனாம்சத்தை 50 ஆயிரமாக உயர்த்தி, இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்ட வேண்டும் என்றது. ஒப்பந்தமாகப் போடுபவர்களும் அத்தகைய உயர்வை முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். எதிர்காலம் தெளிவில்லாத நிலையில், ஒரு பகுதியை மொத்தமாகவும் ஒரு பகுதியை மாதமாகவும் வாங்குவது, முழுவதையும் ஒரே தொகையாக முடிப்பதைவிடப் பாதுகாப்பானது. எதிரில் இருப்பவர் ஒழுங்காகக் கட்டுவார் என்ற நம்பிக்கை இல்லையென்றால் மட்டும் இது பொருந்தாது.

விலை மாறுவதை ஒப்பந்தத்துக்குள்ளேயே ஓரளவு அடக்கவும் வழி உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் பிளாட்டை 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் விற்றால், கூடுதலில் இத்தனை சதவீதம் மற்றவருக்கு என்று ஒரு ஷரத்து சேர்க்கலாம். தம் பங்கை மலிவாக எழுதிக் கொடுத்துவிட்டோமோ என்ற அச்சத்தை அது பாதி போக்கும். “இனி எந்தக் காலத்திலும் எவ்வித உரிமையும் கோருவதில்லை” என்ற வழக்கமான வாசகத்தோடு இது மோதக்கூடும். இந்த ஷரத்துக்கு மட்டும் விலக்கு என்று சேர்த்து எழுத வேண்டும். நிறைவேற்று மனுப் போடத் தோதாக, ஷரத்து தீர்ப்பாணைக்குள்ளேயே இடம்பெற வேண்டும்.

கடைசியாக, காலக்கணக்கு. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவிலும், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவிலும் பரஸ்பர சம்மத விவாகரத்தின் முதல் மனுவுக்கும், இருவரும் சம்மதத்தை மீண்டும் உறுதிசெய்யும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே ஆறு மாத இடைவெளி இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் அமர்தீப் சிங் வழக்குக்குப் பிறகு, தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம். அந்த இடைவெளியில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலை வேகமாக ஏறும் காலத்தில் சம்மதம் கரைவது இந்த மாதங்களில்தான். நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்துவிட்டு அதை மீறினால் அவமதிப்பு நடவடிக்கை வரக்கூடும் என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பதைவிட, மதிப்பீட்டுத் தேதியையும் தாமதமானால் கணக்கைத் திருத்தும் முறையையும் எழுதிவைப்பது மேல்.

பதிவும் இதே கணக்கில் சேரும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கிடையிலான செட்டில்மென்ட் பத்திரத்துக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40 ஆயிரம், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10 ஆயிரம் ரூபாய். விற்பனைப் பத்திரமாகப் போனால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 9 சதவீதம். தீர்ப்பாணை வந்த பிறகு கணவன் மனைவி என்ற உறவின் பேரில் சலுகை கேட்க முடியாமல் போகும். அதற்காக மாதக்கணக்கில் முன்னதாகவே பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், மறுபக்கம் சம்மதத்தை விலக்கிக்கொள்ளும் அபாயம் எழுதிக் கொடுத்தவர் தலையில் விழும். இரண்டாம் கட்ட விசாரணைக்கு ஓரிரு நாள் முன்பு, டிமாண்ட் டிராஃப்ட்டும் பத்திரமும் ஒரே அமர்வில் கைமாறும்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் ஏற்ற நடுவழி.